நிமிர்த்தி வைத்த கோடரி

மரத்தைக் கேட்டுவிட்டு மரம் வெட்டிய காலம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள். இன்று நாம் அடுத்த வீட்டுக்காரரைக்கூடக் கேட்பதில்லை; அன்று மரத்தைக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் கூவிளநாடு என்றொரு நாடு இருந்தது. நாட்டுக்கு ஓர் அரசர் இருந்தார். அரசருக்கு ஒரு தேர் இருந்தது.

தேரை அரசருடையது என்று சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்வாள். தேர் அம்மனுடையது. அதைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ளும் பொறுப்பு அரசருடையது. பொறுப்பு அரசருடையது என்றால் வேலை தச்சனுடையது என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள். அந்தத் தச்சன் பெயர் அந்துவன். கதையும் அவனுடையதுதான்.

கூவிளநாட்டில் ஒவ்வொரு பெரிய மரத்திலும் ஒருத்தி குடியிருக்கிறாள் என்று நம்பினார்கள். அவளை மரத்தாள் என்று சொல்வார்கள். மரம் பூத்தால் அவள் தலைவாரிப் பூ முடிந்திருக்கிறாள் என்பார்கள். இலை கொட்டினால் வீடு பெருக்குகிறாள் என்பார்கள். நல்லவள்தான், ஆனால் ரோஷக்காரி. கேட்டால் வீட்டையே விட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள். கேட்காமல் எடுத்தால் விடமாட்டாள்.

அதனால் மரம் வெட்ட ஒரு முறை இருந்தது. வெட்டப் போகிறவன் முந்தின நாள் மாலை குளித்துவிட்டு, ஈரத் துணியோடு மரத்தடிக்குப் போவான். அடிமரத்தில் மஞ்சள் பூசி, பொரியும் வெல்லமும் வைத்து, மூன்று முறை சுற்றி வருவான். “தாயே, எங்களுக்கு இந்த மரம் வேண்டியிருக்குது. உனக்கு இதைவிட நல்ல மரம் அமையணும்” என்று வாய்விட்டுக் கேட்பான். பிறகு கோடரியை மரத்தில் சாய்த்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான்.

விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். கோடரி நின்றுகொண்டிருந்தால் மரத்தாள் உத்தரவு கொடுத்துவிட்டாள், வெட்டலாம். கோடரி விழுந்து கிடந்தால் மறுத்துவிட்டாள், கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மறுத்த மரத்தை வெட்டியவனை அவள் ஒன்றும் செய்யமாட்டாளாம். அவன் வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்வாளாம். அந்த நாட்டில் எந்தத் தச்சனும் இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்ததில்லை.

ஒரு பங்குனித் திருவிழாவில் தேர் ஊரைச் சுற்றி வந்து நிலையில் நின்றபோது, முன்னச்சு பெரிய சத்தத்தோடு விரிசல் விட்டது. அடுத்த பங்குனிக்குள் புது அச்சு வேண்டும். மரத்தை வெட்டி, காயப்போட்டு, செதுக்கி, பொருத்த வேண்டும். மரம் சீக்கிரம் கிடைத்தால்தான் உண்டு.

அந்துவன் முதலில் மலையடிவாரத்தில் ஒரு வேங்கையைப் பார்த்தான். நெடுநெடுவென்று வளர்ந்த மரம். கேட்டான், கோடரியைச் சாய்த்தான், வந்தான். விடிந்து போய்ப் பார்த்தால் கோடரி விழுந்து கிடந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான்.

அடுத்து ஆற்றங்கரையில் ஒரு மருதமரத்தைப் பார்த்தான். இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும், அப்படி ஒரு பருமன். கேட்டான், கோடரியைச் சாய்த்தான், வந்தான். விடிந்து போய்ப் பார்த்தால் அதுவும் விழுந்து கிடந்தது. கும்பிட்டுவிட்டு வந்தான். 

அரசர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. பொறுமை மட்டும் அவருக்கு எழுதி வைக்கப்படவில்லை. “ஒரு மரம் மறுத்தால் மரத்தின் விருப்பம். இரண்டு மரம் மறுத்தால் கெட்ட நேரம். மூன்றாவதும் மறுத்தால் குறை மரத்திடம் இல்லை, கேட்கிறவனிடம் இருக்கிறது. அப்போது உளியையும் கோடரியையும் இங்கேயே வைத்துவிட்டு நாட்டை விட்டுப் போய்விடு” என்றார்.

அந்துவன் வீட்டுக்கு வந்து மனைவி வெண்ணியிடம் சொன்னான். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். “எந்த மரம் மாமா இனிமே?” என்று கேட்டாள்.

“தோப்போரத்துல நிக்குதே, அந்த இலுப்பை.”

வெண்ணியின் அகப்பை பானைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

மாலையில் அந்துவன் இலுப்பையிடம் போனான். மஞ்சள் பூசினான், பொரி வைத்தான், மூன்று முறை சுற்றினான். மற்ற மரங்களிடம் கேட்டதுபோல் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கெஞ்சினான். “தாயே, நீயும் மாட்டேன்னு சொன்னா எனக்குப் போக்கிடம் இல்ல” என்றான். கோடரியை ஒன்றுக்கு இரண்டு தடவை அசைத்துப் பார்த்து, நன்றாகப் பதிய நிறுத்திவிட்டு வந்தான்.

மறுநாள், கூட மரம் வெட்டும் ஆட்கள் எழுந்திருப்பதற்கு முன்பே தனியாகப் போனான். கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. தோப்பை நெருங்கும்போதே அவன் கண் அடிமரத்தைத் தேடியது. கோடரி விழுந்து கிடந்தது.

காற்று இல்லை. ஆடுமாடு வந்த தடம் இல்லை. வைத்த பொரிகூட வைத்த இடத்தில் கலையாமல் இருந்தது. கோடரி மட்டும் குப்புறக் கிடந்தது. அவன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உளி இல்லாத கையை நினைத்தான், ஊர் ஊராக அலைவதை நினைத்தான், வெண்ணியை நினைத்தான். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அப்போதுதான் அவனுக்கு அந்தக் கணக்கு தோன்றியது. ‘மரத்தா பிள்ளையைத்தானே எடுப்பா. எடுக்கிறதுக்கு என் வீட்டுல என்ன இருக்குது?’

சுற்றிலும் பார்த்தான். குனிந்தான். கோடரியை எடுத்து நிமிர்த்தி மரத்தில் சாய்த்து வைத்தான். வந்த வழியே திரும்பிப் போய், ஆட்களைக் கூட்டிக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாக வருகிறவன்போல மறுபடி வந்தான். கோடரி நிற்பதைப் பார்த்து ஆட்கள் சந்தோஷத்தில் குலவை போடாத குறை. அந்துவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் வலித்தது.

மரம் சாய்ந்தது. உள்ளே ஒரு பொந்து இல்லை, பூச்சி இல்லை. செக்கச்செவேலென்று வைரம் பாய்ந்த மரம். கிளைகளைக் கழிக்கும்போது உச்சிக் கவட்டில் ஒரு சின்னத் துணித் தொட்டில் அவன் கண்ணில் பட்டது. மஞ்சள் நனைத்த துணி, உள்ளே குழந்தைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். பிள்ளை வேண்டி யாரோ ஒரு பெண் மரத்தாளிடம் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அந்துவன் ஒருவரும் பார்க்காதபடி அதை அவிழ்த்து மண்ணில் புதைத்தான்.

மரம் காய்ந்தது. கொட்டகை நிழலில் அடிமரம் கிடக்க, அந்துவன் தினமும் அதைப் போய்ப் பார்த்தான். பச்சை மரம் காயும்போது சடக்கென்று சத்தம் வரும். தச்சன் மகனுக்கு அது தெரியாதா? தாய்ப்பால் குடிக்கும்போதே கேட்ட சத்தம். ஆனால் இப்போது ஒவ்வொரு சடக்குக்கும் அவன் நெஞ்சு திடுக்கிட்டது. இருந்தாலும் தன் கணக்கைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டான். எடுப்பதற்குத்தான் வீட்டில் ஒன்றும் இல்லையே.

ஐப்பசி மழை பிடித்த நேரம். ஒரு நாள் வேலை முடிந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். வெண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். “மாமா, ரெண்டு மாசமா நான் குளிக்கல” என்றாள்.

எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை. கேட்ட மாத்திரத்தில் அவன் துள்ளியிருக்க வேண்டும். ஊரைக் கூட்டிச் சர்க்கரை கொடுத்திருக்க வேண்டும். அவன் சொம்பை நழுவவிட்டான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை.

“யாருக்கும் சொல்ல வேணாம் மாமா. கண்ணு பட்டுடும்” என்றாள் வெண்ணி.

“ஆமா, சொல்ல வேணாம்” என்றான் அந்துவன் அவசரமாக. ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று அவனும் கேட்கவில்லை. ஒரே கூரைக்கடியில் இரண்டு பேர், ஆளுக்கொரு மூட்டையை மடியில் மறைத்துக்கொண்டு, அடுத்தவர் மடியைப் பார்க்காமல் நாளைக் கழித்தார்கள்.

அன்றிலிருந்து அந்துவனுக்கு எதைக் கண்டாலும் பயம்.

வீட்டு விளக்கு இலுப்பெண்ணெயில் எரியும். ஒரு நாள் அந்தி நேரத்தில் அது படபடத்து அணைந்தது. வாசல் கதவு திறந்திருந்தது, காற்று வந்தது, அணைந்தது, அவ்வளவுதான். அந்துவனுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் மரத்து எண்ணெய், அவள் ஊதி அணைத்தாள். “இனிமே நல்லெண்ணெய் ஊத்து” என்றான். செலவாகுமே என்று முணுமுணுக்கிற வெண்ணி, அன்று மறுபேச்சுப் பேசாமல் இலுப்பெண்ணெய்க் கலயத்தைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

பசு கன்று போட்டது. கன்று எழுந்து நின்றது, கால் மடங்கி விழுந்தது. மறுபடி நின்றது, மறுபடி விழுந்தது. எந்தக் கன்றாவது பிறந்ததும் ஓடியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்துவன் தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். கன்று நன்றாக நின்று பால் குடித்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

தை பிறந்தது. அச்சைச் செதுக்கி முடித்துத் தேரில் பொருத்தினான். சக்கரங்களை மாட்டி, அவை கழன்று வராதபடி இரண்டு முனையிலும் கடையாணி அடித்தான். கடையாணிக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி இருந்தால்தான் சக்கரம் தாராளமாகச் சுழலும். அந்துவனுக்கோ அந்த இடைவெளியைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. இந்த அச்சு உடைந்தால்? சக்கரம் கழன்று ஜனங்களுக்குள் ஓடினால்? பழி வாங்க நினைக்கிறவள் வேறு எங்கே காத்திருப்பாள்?

ஓர் ஆப்பைச் செதுக்கி அந்த இடைவெளியில் இறக்கினான். அன்று மட்டும் மனம் ஆறியது. மறுநாள் விடிந்ததும் ஓடினான், இன்னோர் ஆப்பு. அதற்கடுத்த நாள் இன்னொன்று. அடித்துவிட்டுக் கையால் அழுத்திப் பார்ப்பான், காதை வைத்துக் கேட்பான், கும்பிடுவான், வருவான். கூட வேலை பார்த்தவர்கள், அந்துவன் எவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

வெண்ணிக்கு வயிறு தெரியத் தொடங்கியது. சேலையைத் தளரக் கட்டிக்கொண்டாள். கிணற்றடிக்கு எல்லாரும் போய்வந்த பிறகு போனாள். அவளுக்கு மசக்கையில் எதை வாயில் வைத்தாலும் பிடிக்கவில்லை. என்ன வேண்டும் என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டிவரும். பேசினால் மரத்தாளின் காதில் விழும்.

பங்குனி வந்தது. ஊர் தோரணம் கட்டியது. அம்மனைத் தேரில் ஏற்றினார்கள். மேளம் முழங்க, அரசரே வந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்துவன் தேரைத் தடுத்து நிறுத்தும் முட்டுக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் ஓரத்தில் நின்றான். கூட்டத்தில் பெண்கள் பக்கம் வெண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

ஊரே சேர்ந்து வடத்தை இழுத்தது. தேர் அசையவில்லை.

வெளியூர் ஆட்களும் சேர்ந்து இழுத்தார்கள். தேர் அசையவில்லை.

பின்னாலிருந்து அரசரின் யானை முட்டித் தள்ள, முன்னாலிருந்து எல்லாரும் கால் ஊன்றி இழுத்தார்கள். வடம் முறுகியது. தேர் ஒரு குலுங்கு குலுங்கி, நின்ற இடத்திலேயே நின்றது.

மேளம் ஓய்ந்தது. எல்லாருக்கும் முகம் வெளுத்தது. நின்ற தேர் ஊருக்கு ஆகாது. மழை பொய்க்கும், நோய் வரும் என்று அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். குறி சொல்லும் கோடாங்கியைக் கொண்டுவந்தார்கள். அவர் வயதானவர், யாரையும் ஏமாற்ற நினைக்காதவர், தன் உடுக்கையைத் தானே முழுசாக நம்புகிறவர். அப்படிப்பட்டவரைக் கண்டால்தான் எனக்குக் கூடுதல் பயம். அவர் உடுக்கையை அடித்து, தலையை ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“அச்சுக்குள்ள மரத்தா குந்தியிருக்கா. இறங்கமாட்டேங்கிறா. தலைச்சூலி ஒருத்திய சக்கரத்துக்கு முன்னால கிடத்தச் சொல்றா.”

தலைச்சூலி என்றால் முதல் பிள்ளையைச் சுமக்கிறவள். அரசர், “வேறு வழி இல்லையா?” என்று கேட்டார். கோடாங்கி இன்னொரு முறை உடுக்கை அடித்தார். வேறு வழி இல்லை என்றார்.

அந்த ஊரில் தலைச்சூலி யார்? கூட்டம் திரும்பிப் பார்த்தது. குயவர் வீட்டு மருமகள் பூவை, சின்னப்பெண், வளையல் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் கையில் அத்தனை வளையலும் அப்படியே இருந்தன. அவள்தான் என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் அவள் பக்கம் போனார்கள். அவள் மாமியார் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினாள். அந்தப் பெண்ணுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. என்ன நடக்கிறது என்று விளங்காமல், இழுத்த பக்கம் நடந்து வந்தாள்.

அந்துவனைப் பார்த்து ஒருவரும் திரும்பவில்லை. வெண்ணியை ஒருவரும் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டில் பிள்ளை வரப்போவது ஊரில் ஒரு உயிருக்கும் தெரியாது. அவன் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். மரத்தாளுக்கு ஓர் உயிர் போய்ச் சேரும், அவள் பசி அடங்கும், அவன் பிள்ளை பிழைக்கும். ஒரு வருடமாக அவன் கும்பிட்ட சாமிகளில் ஏதோ ஒன்று இந்த வழியைத் திறந்துவிட்டது என்றுகூட அவன் நினைத்துக்கொள்ளலாம்.

நினைத்தான். பொய் சொல்வானேன், ஒரு கணம் அப்படித்தான் நினைத்தான்.

பூவையை அவன் பக்கமாகத்தான் கொண்டுவந்தார்கள். அவள் வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. வெண்ணிக்கு வளையல் போடவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் முட்டுக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு வழியில் போய் நின்றான்.

“அந்தப் புள்ளைய விடுங்க” என்றான். “மரத்தா கேக்குறது இவளை இல்ல. இலுப்பை எனக்கு உத்தரவு குடுக்கல. கோடாலி விழுந்துதான் கிடந்துச்சு. நான்தான் யாருக்கும் தெரியாம நிமித்தி வச்சேன். அவ கேக்குறது என் வீட்டு உசுரை. என் பொண்டாட்டிதான் தலைச்சூலி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவ மேல ஒரு தப்பும் இல்ல. என்னைப் படுக்க வைங்க.”

சொல்லிவிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் போய் மண்ணில் படுத்துக்கொண்டான். வெயிலில் மண் சுட்டது.

பெண்கள் பக்கமிருந்து வெண்ணி வந்தாள். போர்த்தியிருந்த முந்தானையை விலக்கி இடுப்பில் செருகிக்கொண்டே வந்தாள். இப்போது எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. அந்துவன் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

“மாமா, கோடாலி தானா விழல” என்றாள். “நான்தான் தள்ளிவிட்டேன்.”

அந்துவன் தலையைத் தூக்கினான்.

“அந்த மரத்துல நான் தொட்டில் கட்டியிருந்தேன். ஊர்ல இருக்கிற எல்லா மரத்துலயும் கட்டி, எல்லாரும் சிரிச்சு, கடைசியா ஒருத்தருக்கும் தெரியாம அதுல கட்டினேன். நீங்க அதைத்தான் வெட்டப் போறேன்னு சொன்னீங்க. உங்ககிட்ட வேண்டாம்னு சொன்னா அரசர் உங்களைத் துரத்திடுவார். சொல்லாட்டி என் தொட்டில் போயிடும். எனக்கு வேற ஒண்ணும் தோணல. உங்களுக்கு முந்தி எழுந்து போனேன். நான் போறப்ப கோடாலி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. கீழ தள்ளிட்டு ஓடி வந்துட்டேன். அப்புறம் பாத்தா நீங்க மரத்தை வெட்டிட்டு இருக்கீங்க. கோடாலி நின்னுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. மரத்தாளே எடுத்து நிறுத்திட்டா, என் பொய்யைக் கண்டுபிடிச்சுட்டா, இனி என்னை விடமாட்டான்னு நினைச்சேன். அன்னையிலேர்ந்து இன்னைவரைக்கும் அதே நினைப்புதான்.”

அந்துவன் எழுந்து உட்கார்ந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் ஒழுங்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போதுதான்.

பொறுமையில்லாத அரசர் அன்று பொறுமையாக யோசித்தார். “ஒருத்தி தள்ளினாள், ஒருவன் நிமிர்த்தினான். அப்படியானால் மரம் என்னதான் சொன்னது?” என்று கேட்டார்.

கோடாங்கி தாடியைச் சொறிந்தார். “இந்தப் பொண்ணு போறப்ப நின்னுக்கிட்டு இருந்திருக்குதுன்னா, உத்தரவு ஆயிடுச்சுன்னுதான் அர்த்தம்” என்றார். அதைச் சொல்ல அவருக்கு உடுக்கை தேவைப்படவில்லை.

“அப்போ அவ குடுத்துட்டா மாமா” என்றாள் வெண்ணி. “குடுத்ததை நாமதான் திருடியிருக்கோம்.”

அந்துவனுக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான். ஒரு வருடப் பயமும் வெளியே வந்தது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தவன், மரத்தாள் உத்தரவு கொடுத்திருந்தால் பிறகு இந்தத் தேர் ஏன் நகரவில்லை என்று யோசித்தான். பயம் போன பிறகு அவனுக்குத் தச்சுவேலை ஞாபகம் வந்தது. சக்கரத்தைப் பார்த்தான். கடையாணிக்கும் சக்கரத்துக்கும் நடுவே நூல் நுழைய இடமில்லை. தினம் தினம் அவன் அடித்த ஆப்புகள் சக்கரத்தைப் பிடித்து அச்சோடு இறுக்கி வைத்திருந்தன. யானை என்ன, பத்து யானை தள்ளினாலும் அது சுழலாது.

கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலை வாங்கி, இரண்டு பக்கமும் ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தான். மண்ணில் ஆப்புகள் குவிந்தன. ஒரு தேருக்கு இத்தனை ஆப்பா என்று கூட வேலை பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கடைசி ஆப்பு வந்ததும் அவன் விலகி நின்று கையைக் காட்டினான். ஊர் வடத்தை இழுத்தது. யானைக்கு வேலையே இல்லை, தேர் பாட்டுக்கு நகர்ந்து போனது. மரத்தாள் மனசு இறங்கிவிட்டாள் என்றார் கோடாங்கி. அவர் அப்படித்தான் சொல்வார், விடுங்கள்.

பூவையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள் அவள் மாமியார். பூவை தேர் பார்க்க அப்புறம் ஒரு வருடமும் வரவில்லை. யார் வருவார்கள்?

அரசர் அந்துவனை நாட்டை விட்டுத் துரத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கூவிளநாட்டில் மரம் வெட்டப் போனபோதெல்லாம், கோடரியைப் போய்ப் பார்க்க வேறு வீட்டு ஆள் ஒருவரை அனுப்பினார்கள். அந்துவன் அதற்காக ஒருவரையும் கோபித்துக்கொள்ளவில்லை. வைகாசியில் வெண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குழந்தை, நல்ல குரல்.

மரத்தாள் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? அந்துவன் வந்து கெஞ்சிய மாலையிலேயே அவள் மனம் இளகி, மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு தோப்புக்குக் குடிபோய்விட்டாள். தன் பேரைச் சொல்லி இரண்டு பேர் ஒரு வருடம் நடுங்கியது அவளுக்குத் தெரியவே தெரியாது.

பிள்ளை கையில் இருந்தது, வீடு இருந்தது, வேலையும் இருந்தது. வெண்ணி சூலியாக இருந்த மாதங்கள் மட்டும் போனது போனதுதான். அவள் வாய்க்கு எது பிடித்தது, பிள்ளை முதலில் எப்போது அசைந்தது என்று அந்துவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஒரு நாள் அவளிடமே கேட்டான். பயத்தில் தானும் அதையெல்லாம் கவனிக்கவில்லை என்றாள் வெண்ணி.

ஆகையால் கேட்டவர்களே, நமக்கென்றே கிடைத்த பொருளானாலும், பொய்யால் அதை எடுத்துக்கொண்டவர்கள் அதை நிம்மதியாக அனுபவிக்க முடியாது.